நாலாவது வழி

வண்டிக்கு அடியில் விரித்திருந்த அட்டை காய்ந்தே கிடந்தது.

முந்தின நாள் மாலை வண்டியை மேட்டில் நிறுத்தி, டயருக்குக் கல் கொடுத்துவிட்டு, ரேடியேட்டருக்கு நேர் கீழே அவனே விரித்துப் போட்ட அட்டை. ஒரு சொட்டு விழுந்தாலும் கறை காட்டிக்கொடுத்துவிடும். மண்ணில் படுத்து அதை வெளியே இழுத்துப் பார்த்தான். ஓரத்தில் இரண்டு ஆயில் பொட்டு. அவை பழைய ஒழுக்கு, பல மாதமாக அதே இடத்தில்தான் விழுகின்றன. தண்ணீர்க் கறை எங்கும் இல்லை. ஆனால் மூடியைத் திறந்தால் ரேடியேட்டர் வறண்டு கிடந்தது. ராத்திரி வழிய வழிய நிரப்பியது. விரலை விட்டுத் துழாவினான். ஈரம்கூட ஒட்டவில்லை.

பக்கத்துக் கொட்டகை மெக்கானிக் டீ கிளாஸோடு வந்து நின்று பார்த்தார். ஆயில் குச்சியை உருவி விரலில் தேய்த்தார். சைலன்சர் வாயில் கையை வைத்து முகர்ந்தார். ஹோஸ் ஒவ்வொன்றையும் பிதுக்கினார்.

"தண்ணி போறதுக்கு மூணே வழிதான். தரையில ஒழுகும். இல்ல, வெள்ளைப் புகையா சைலன்சர்ல போகும். அதுவும் இல்லன்னா ஆயில்ல கலந்து பால் மாதிரி வெளுத்துடும்."

"மூணும் இல்லையே அண்ணே. எட்டு நாளா இப்படித்தான் இருக்கு."

"நாலாவது வழி கிடையாதுப்பா. நீ தூக்கக் கலக்கத்துல பக்கத்து வண்டிக்கு ஊத்தியிருப்ப." சிரித்துவிட்டு, சிரிப்பு எடுபடாததைப் பார்த்து நிறுத்தினார். "இன்ஜினை இறக்கிப் பாக்கணும். பத்து நாள் ஆகும்."

பத்து நாள். லோடு ஏஜென்ட் நேற்றுதான் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தான்: இன்னும் ஒரு தடவை நேரம் தப்பினால் லோடு வேறு வண்டிக்குப் போய்விடும். பளபளவென்று இரண்டு புது வண்டிகள் அவன் வாசலிலேயே நிற்கின்றன. லோடு போனால் இது வண்டியில்லை, பழைய இரும்பு.

இப்போதே பாதி இரும்புதான். இடது கதவை பெல்ட் போட்டுக் கட்டியிருந்தது. வைப்பரைக் கம்பி பிடித்திருந்தது. செல்ஃப் மோட்டார் செத்து மூன்று மாதம். அதனால்தான் மேட்டில் நிறுத்தி உருட்டி ஸ்டார்ட் செய்வது. ஓடுகிற இன்ஜினும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இரண்டு இருமல் இருமி உயிரை விட்டுவிடும். சமதரையில் நின்றால், தள்ளுவதற்கு நாலு ஆள் வேண்டும். ஒவ்வொன்றையும் அடுத்த மாதம் பார்க்கலாம், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளித் தள்ளியே இவ்வளவு தூரம் வந்திருந்தான். உடம்பும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

கிளம்பும்போது மனைவி தன் தம்பியைக் கைகாட்டினாள். "காய்ச்சல் விட்டு ரெண்டு நாள்தான் ஆகுது. அவனைப் பாத்துக்குங்க. வண்டியை மட்டும் பாக்காதீங்க."

"நான் என்ன முட்டையாக்கா, உடையறதுக்கு?" என்றான் தம்பி.

அவன்தான் கிளீனர். வேலை பார்த்த கடை மூடியதும் அக்கா வீட்டுக்கு வந்தவன். எல்லோரும் அவனைக் கூப்பிடுவது தொப்பை என்றுதான். சட்டைப் பொத்தான்கள் வயிற்றின்மேல் எப்போது வேண்டுமானாலும் தெறிப்பதுபோல் நிற்கும். கைக்கடிகாரம் கடைசித் துளையில் மாட்டியும் சதைக்குள் புதைந்திருக்கும். உட்கார்ந்த இடத்திலேயே வேர்க்கிற உடம்பு. அவன் எழுந்தால் சீட்டில் ஈரமாக இன்னொருத்தன் உட்கார்ந்திருப்பான்.

சிமெண்ட் மூட்டைகள் ஏறி முடிய உச்சி வெயில் வந்துவிட்டது. குடோன் நாலு மணிக்குப் பூட்டிவிடும். மூன்று மணி நேர ஓட்டம். ஐந்து கேன் தண்ணீர் ஏற்றிக்கொண்டார்கள்.

முதல் அரைமணியிலேயே ஹீட் முள் சிவப்பை நெருங்கியது. நிறுத்தினான். தொப்பை டிரைவர் பக்கம் நகர்ந்து ஆக்சிலேட்டரை மிதித்துப் பிடித்துக்கொள்ள, அவன் முன்னால் போய் மூடியை ஈரச்சாக்கால் திருகினான். வழக்கமாக ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினால் உள்ளே இருக்கிற காற்று குமிழ் குமிழாய் மேலே வரும், களக் களக்கென்று திருப்பித் துப்பும், சட்டையை நனைக்கும், நிறுத்தி நிறுத்தித்தான் ஊற்ற வேண்டும். இந்த எட்டு நாளாக அப்படி எதுவும் இல்லை, கேனைச் சாய்த்தால் சாய்த்தபடி ஒரே இழுப்பில் உள்ளே போய்க்கொண்டிருந்தது, கடைசிச் சொட்டும் இறங்கிய பிறகு அடியிலிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. மூச்சுவிடாமல் குடித்தவன் வாயை எடுத்ததும் விடுவானே, அந்தச் சத்தம்.

"நிரம்பிடுச்சா மாமா?"

"நிரம்பிடுச்சு" என்றான். நிரம்பவில்லை.

இருபது லிட்டர் கொள்ளும் ரேடியேட்டர். வழியில் பெட்ரோல் பங்க் குழாயில் பிடித்ததையும் சேர்த்தால் அறுபதுக்கு மேல் ஊற்றியாயிற்று. பின்னால் ரோட்டில் ஒரு சொட்டு கிடையாது.

அதற்கப்புறம் மரமில்லாத நீண்ட ரோடு. இரண்டு பக்கமும் வெளுத்த தரை, தூரத்தில் தார் நெளிந்தது, கேபினுக்குள் சூடான ரப்பரும் டீசலும் தொப்பையின் வேர்வையும் சேர்ந்து நாறின. தலைக்கு மேல் சூரியன் நிற்க, வண்டியின் நிழல்கூட வண்டிக்கு அடியில் ஒதுங்கிக்கொண்டது.

"மாமா, நான் காய்ச்சல்ல கிடந்தப்போ நீங்க தனியா ஒரு லோடு வந்தீங்களே. அன்னைக்கு வண்டி நல்லாத்தான ஓடுச்சு?"

"ஓடுச்சு."

எட்டு நாளுக்கு முன்னால் அது. இதே ரோடு, இதே நேரம். ஓரத்தில் ஒரு ஆள் நின்றிருந்தான். ஒரு கையில் காலிக் கேன். மறு கையைத் தூக்கினான். அந்தக் கை முழுவதும் தூக்க முடியாமல் பாதியில் நின்றது. இவனுடைய பக்கத்துச் சீட்டில் பத்து லிட்டர் தண்ணீர் இருந்தது. வண்டிக்கான தண்ணீர். நிறுத்தினால் இன்ஜின் நின்றுவிடும், ஆக்சிலேட்டரை மிதிக்க ஆள் இல்லை, சமதரை. யாராவது பின்னால் வருவார்கள் என்று நினைத்தான். கண்ணாடியில் பார்த்தான். ஆள் உட்கார்ந்துவிட்டிருந்தான். பின்னால் யாரும் வரவில்லை.

மறுநாள் அந்த இடத்தில் கேன் மட்டும் நின்றது. மூடி திறந்து, நிமிர்ந்து. யாராவது ஏற்றிக்கொண்டு போயிருப்பார்கள். அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது.

இப்போதும் அந்தக் கேன் அங்கேயே நின்றது. அதைத் தாண்டும் முன்பே முள் சிவப்புக்குள் புகுந்தது. வேறு வழியில்லை. நிறுத்தினான்.

தொப்பை ஆக்சிலேட்டரை மிதித்தான். இவன் இறங்கிக் கடைசிக் கேனைக் கவிழ்த்தான். போதவில்லை. குடிக்க வைத்திருந்த இரண்டு பாட்டிலையும் ஊற்றினான்.

"மாமா, அது நமக்கு!"

"குடோன்ல போய்க் குடிச்சுக்கலாம். இன்னும் முப்பது கிலோமீட்டர்தான்."

"வண்டிக்கு ஊத்தறீங்க, மச்சானுக்கு மறுக்கறீங்க. அக்காகிட்ட சொல்றேன் இருங்க."

மூடியைப் பிடித்தபடி குனிந்தான். ஆவி முகத்தைச் சுட்டிருக்க வேண்டும். சுடவில்லை. உள்ளிருந்து குளிர்ந்த ஈரக் காற்று கன்னத்தில் பட்டது. நின்றது. பட்டது. அப்புறம், அடியில் எங்கோ, ஒரு விழுங்கல்.

மூடியை இறுக்கினான். களைப்பு என்று சொல்லிக்கொண்டான். நான்கு நாளாகத் தூக்கம் சரியில்லை.

ஐந்து கிலோமீட்டரில் முள் மறுபடி ஏறியது. பாதி. முக்கால். தண்ணீர் இல்லை. செல்போனில் சிக்னல் இல்லை. முன்னாலும் பின்னாலும் வண்டி இல்லை. சூட்டில் இறுகி இன்ஜின் பிடித்துக்கொண்டால் அதோடு முடிந்தது. இறங்கிவிடு, இறங்கிவிடு என்று முள்ளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே ஓட்டினான்.

முள் இறங்கியது.

முதலில் அவன் நம்பவில்லை. மீட்டர் கண்ணாடியை விரலால் தட்டினான். மெதுவாக, சீராக, சிவப்பைவிட்டு நடுவுக்கு வந்தது. இன்ஜின் சத்தம்கூட மாறியது. மூன்று மாதமாக இருந்த இருமல் இல்லை. அழுகை வரும்போல் இருந்தது.

"பாத்தியா மச்சான், கிழவி தாங்கிட்டா."

"எனக்கும் வேர்வையே நின்னுடுச்சு மாமா." தொப்பை கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தான். "காய்ச்சல் வந்துட்டுப் போனது நல்லதுக்குத்தான் போல. பவுடர் போட்ட மாதிரி இருக்கு."

குடோனுக்குப் பதினெட்டு கிலோமீட்டர். மணி மூன்றே கால். போய்விடலாம்.

"தொண்டை காயுது மாமா."

"இதோ வந்துடும்."

"நாக்கு ஒட்டுது."

"பேசாம வா. பேசினா இன்னும் காயும்."

பேசவில்லை. முள் இன்னும் இறங்கியது. புது வண்டியில் நிற்கிற இடத்தில் நின்றது. பதினைந்து. பதினான்கு. இன்ஜின் பூனைபோல ஓடியது. அதனால்தான் அந்தச் சத்தம் கேட்டது.

டக்.

ஏதோ தரைத்தகட்டில் விழுந்தது. ரோட்டைவிட்டுக் கண்ணை எடுத்துக் கீழே பார்த்தான். தொப்பையின் கைக்கடிகாரம். மாட்டியது மாட்டியபடி. கடைசித் துளையில்.

"மச்சான்?"

பெல்ட் கட்டிய கதவில் தலை சாய்ந்திருந்தது. முகம் ஜன்னல் பக்கம். சட்டை காற்றில் படபடத்தது. அந்தச் சட்டை ஒருநாளும் படபடத்ததில்லை. பொத்தான்களுக்கு நடுவே துணி மடிந்து மடிந்து உள்ளே விழுந்தது. சீட்டு காய்ந்திருந்தது. மடியில் கிடந்த கை ஒரு சிறு கிழவனின் கை.

"மச்சான். டேய்."

வண்டி ஒரு பள்ளத்தில் குலுங்கியது. தலை இவன் பக்கம் திரும்பியது. வாய் திறந்திருந்தது. உதடுகள் பல்லோடு ஒட்டியிருந்தன. கண்ணில் ஈரம் இல்லை. ஆனால் கண் அவனைப் பார்த்தது. காய்ந்த கை மடியிலிருந்து மேலே எழும்பியது. முழுவதும் தூக்க முடியவில்லை. பாதியில் நின்றது.

நிறுத்த வேண்டும்.

சமதரை. நிறுத்தினால் இன்ஜின் நின்றுவிடும். பன்னிரண்டு கிலோமீட்டர். அங்கே தண்ணீர் இருக்கிறது. அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். மணி மூன்றரை.

அவன் கால் ஆக்சிலேட்டரிலேயே இருந்தது.

கை மடியில் விழுந்தது. சருகு விழுந்த சத்தம்.

முன்னால் பானெட்டுக்கு அடியில் ஒரு நீண்ட மூச்சு வந்து அடங்கியது. முள் அசைந்தது. நடுவைவிட்டு மெல்ல மேலே கிளம்பியது.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவன் கையில் வேர்வை முழங்கைவரை வழிந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது விரல் நுனியிலிருந்து காயத் தொடங்கியது. ஒரு கோடுபோல. மணிக்கட்டு. முன்கை. முழங்கை. மேலே வந்துகொண்டே இருந்தது.