கீழே வைத்த குழந்தை

மூத்தவர் குடியிருப்பில் வீடு எடுத்த முதல் நாள் காலையிலேயே தையல்காரர் வாசல் நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டார். சாமான் இறக்க வந்த ஆட்கள் சிரித்தார்கள். இரண்டாவது தடவை இடித்தபோது அவர் மனைவி டீச்சரும் சிரித்துவிட்டாள். குள்ளமும் அகலமுமான ஆட்களுக்காகக் கட்டிய வீடு அது. நம் ஆட்கள் உள்ளே போக வேண்டுமென்றால் கொஞ்சம் பணிந்துதான் போக வேண்டும்.

பனியுகம் முடிந்தபோது பூமியில் மிஞ்சியது நாம் மட்டும் இல்லை, மூத்தவர்களும்தான். பள்ளிக்கூடப் புத்தகத்தில் அதற்கு நாலு பக்கம் உண்டு, டீச்சர் வருஷா வருஷம் நடத்துகிறாள். முன்தள்ளிய புருவ எலும்பு, அகன்ற மார்பு, தோளுக்குள் புதைந்த கழுத்து. நம்மை அவர்கள் இளையவர்கள் என்பார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருவோம், சந்தையில் பேரம் பேசுவோம். ஆனால் அவர்கள் வீட்டுக்குள் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்தவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று கேட்டால், எல்லோரும் வேறு பக்கம் பார்ப்போம்.

இரும்பு உலைச் சூட்டைத் தாங்க அவர்களை விட்டால் ஆள் இல்லை. கடையில் தொங்கும் ரெடிமேட் சட்டை எதுவும் அவர்கள் தோளுக்குள் போகாது. தையல்காரரின் பிழைப்பு அந்தத் தோள்களை நம்பித்தான் ஓடியது. இருபது வருஷத்தில் அவர்களுடைய மார்பளவு, மணிக்கட்டுச் சுற்றளவு, விரல் கனம் எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள இனி ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தார், பாவம்.

வாடிக்கைக்காரர்கள் நடுவிலேயே கடை போட்டால் நல்லது என்று இந்த வீட்டை எடுத்தார். முன்னறையில் தையல் மெஷின். பின்னறை பாப்பாவுக்கு. எட்டு வருஷம் காத்திருந்து பிறந்தவள், இப்போது ஐந்து மாதம். மெஷின் சத்தத்தில் தூக்கம் கெடக் கூடாதே என்று தொட்டிலைப் பின்னறையில் போட்டு, கதவைப் பாதி சாத்திவைத்தார்கள். எந்தப் பெற்றோரும் செய்வதுதான்.

பின்னறைக்கு ஜன்னல் என்று பெயருக்கு ஒரு கீற்று. பட்டப்பகலிலும் அங்கே சாயங்காலம்தான். கல் தரையில் சுவரை ஒட்டி வட்டமாக ஒரு பள்ளம் தேய்ந்து கிடந்தது, பாதம் அகலத்துக்கு. ஏதோ தண்ணீர் போக வெட்டியிருக்கிறார்கள் என்று டீச்சர் சொன்னாள். தண்ணீர் வட்டமாக எங்கே போகும் என்று இருவரும் யோசிக்கவில்லை.

இரண்டாவது வாரம், காலை பதினொரு மணி. டீச்சர் பள்ளிக்கூடம் போயிருந்தாள். நூல் அறுந்ததால் தையல்காரர் மெஷினை நிறுத்தினார். அப்போதுதான் கேட்டது.

நடக்கிற சத்தம்.

வெறும் கால். கனமான கால். அவசரமில்லாமல், பின்னறையைச் சுற்றிச் சுற்றி.

அவர் எழுந்து போனபோது சத்தம் இல்லை. பாப்பா தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆனால் போர்வை அவள் உடம்பைச் சுற்றி இறுக்கமாக, மடிப்பு மேல் மடிப்பாகச் சுற்றியிருந்தது. துணியைத் தொட்டுப் பிழைக்கிறவருக்குத் தன் கை மடிப்பு எது, அடுத்தவர் மடிப்பு எது என்று தெரியாதா? காலையில் டீச்சர் சுற்றியிருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொல்லும்போதே அதை நம்பவில்லை.

மூன்று நாள் கழித்து டீச்சர் சாயங்காலம் வந்ததும் குழந்தையைத் தூக்கி முகர்ந்தாள்.

"என்னங்க, இவ மேல ஏன் புகை வாசனை அடிக்குது?"

"பக்கத்துல உலை இருக்கு இல்ல, காத்துல வந்திருக்கும்."

"வாயில என்ன இது? அஞ்சு மாசக் குழந்தைக்கு என்னத்தக் கொடுத்தீங்க?"

பாப்பாவின் உதட்டோரம் ஏதோ கிழங்கு, கூழாக ஒட்டியிருந்தது. மசித்தது இல்லை, மென்றது. பல் தடம் பட்ட நார் ஒன்று டீச்சரின் விரலோடு வந்தது. அவள் அதை உதறிவிட்டுக் கணவரைப் பார்த்த பார்வையில் அவர் கூனிக்குறுகிப் போனார். நான் இல்லை என்று சொன்னால், வேறு யார் என்று கேட்பாளே. அந்தக் கேள்விக்குப் பயந்து பழியை ஏற்றுக்கொண்டார்.

அவள் முகம் கழுவப் போன பிறகு பாப்பாவின் கவுனைக் கழற்றிப் பார்த்தார். முதுகில் கரித்தடம். நான்கு விரல், ஒரு கட்டைவிரல். நாடாவை எடுத்து அளந்தார். அளக்காமலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. மூத்த இனத்துக் கை. பெண் கை.

மறுநாள் உலைக்காரம்மா கோட்டு அளவு சரிபார்க்க வந்தாள். முப்பது வருஷம் உலைக்கு எதிரில் நின்றவள், பேச்சைச் சிக்கனமாகச் செலவழிப்பவள். ஒரு கை மட்டும் ஒட்டுத் தையல் போட்ட கோட்டை மாட்டிக்கொண்டு நின்றபடி கேட்டாள்.

"புள்ள எங்க?"

"உள்ள தூங்குறாம்மா."

"யார் கையில?"

"கையில எதுக்கு? தொட்டில்ல கிடக்குறா."

உலைக்காரம்மா சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். அவர் குத்திவைத்த குண்டூசி ஒன்று தரையில் விழுந்தது.

"கீழயா வெச்சிருக்க?" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "எங்க ஆளுங்க புள்ளையக் கீழ வைக்க மாட்டோம். எழுந்து நடக்குற வரைக்கும் யார் கையிலயாவது இருக்கும். கீழ வெச்சா வேண்டாம்னு அர்த்தம். வேண்டாம்னு வெச்சத யாரும் எடுக்கலாம். எடுத்தவதான் தாய்."

"அது உங்க வழக்கம்மா. நாங்க..."

"இந்த வீட்டுல இருந்தவளுக்கு உங்க வழக்கம் நல்லாத் தெரியும். அவ புள்ளைக்குக் காய்ச்சல். உங்க ஆஸ்பத்திரியில வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில படுக்க வெச்சாங்க. நல்லதுக்குத்தான் வெச்சாங்க. இவளை உள்ள விடல. புள்ள பெட்டியிலயே போச்சு." அவள் பின்னறைப் பக்கம் திரும்பாமல் பேசினாள். "அப்புறம் பதினோரு வருஷம் வெறுங்கையோட நடந்தா. அந்த ரூம்லயே. சாகுற வரைக்கும்."

தையல்காரருக்குத் தரையில் இருந்த பள்ளம் நினைவுக்கு வந்தது.

உள்ளே கால் சத்தம் கேட்டது.

இருவரும் ஓடினார்கள். அவர் நிலையில் இடித்துக்கொண்டதுகூடத் தெரியவில்லை.

தொட்டில் காலி.

அறையில் யாரும் இல்லை. கால் சத்தம் மட்டும் பள்ளத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது. புகை வாசனை. அந்தச் சத்தத்தோடு கூடவே, கொஞ்சம் உயரத்தில், ஒரு குழந்தையின் மூச்சு. அவர் பெற்ற குழந்தையின் மூச்சு. இரவெல்லாம் காது வைத்துக் கேட்டுப் பழகியது, தப்புமா?

"அய்யோ, என் பொண்ணு," என்றார்.

"கெஞ்சாத. கூப்பாடு போடாத," உலைக்காரம்மா கிசுகிசுத்தாள். "அவ நடக்குற வழியில போய் நில்லு. ரெண்டு கையையும் நீட்டு. உன் புள்ளன்னு சொல்லு."

அவர் பள்ளத்தில் கால் வைத்து நின்றார். சத்தம் எதிர்ச்சுவரைத் தாண்டி, மூலையில் திரும்பி, அவரை நோக்கி வந்தது.

"என் பொண்ணு," என்றார். "நான் வேண்டாம்னு வைக்கல. தூங்கட்டும்னு வெச்சேன். எனக்கு வேணும்."

சத்தம் நின்றது. முகத்தில் வெதுவெதுப்பான மூச்சு பட்டது.

ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு அவர் கைகளில் கனம் இறங்கியது. முதலில் தலை, அப்புறம் முதுகு, கடைசியில் கால்கள். குழந்தையைக் கொடுக்கத் தெரிந்த ஒருத்தி கொடுக்கிற மாதிரி. பாப்பா கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டாள். அவர் வாய்விட்டு அழுதார்.

"ஒரு தடவைதான் கொடுப்பா," உலைக்காரம்மா சொன்னாள். "இனி நடக்குற வரைக்கும் கீழ வைக்காத. வெச்சா அவளோடது."

அன்று மாலையே வீட்டைக் காலி செய்தார்கள். டீச்சர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நடந்ததைச் சொல்லி, பாப்பாவின் முதுகில் இருந்த தடத்தைக் காட்டியதே போதுமாக இருந்தது. ஆறு மணி நேரம் ரயில், வேறு ஊர், ஒன்பதாவது மாடி. ஜன்னல்கள் பெரிசு, வெளிச்சம் அள்ளிக் கொட்டியது. பாப்பா மட்டும் கையை விட்டு இறங்கவில்லை. அவர் குளித்தால் டீச்சர் கையில், டீச்சர் சமைத்தால் அவர் கையில். ஒருவர் உட்கார்ந்தபடி குழந்தையை வைத்துக்கொண்டு விழித்திருந்தால்தான் மற்றவர் தூங்கலாம். ஒரே கையால் துணி வெட்டப் பழகினார், வெட்டியதெல்லாம் கோணல். டீச்சருக்குத் தோள்பட்டை வீங்கிப் போனது. லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தாள்.

ஐம்பத்து மூன்றாவது நாள், மதியம், அவள் கையிலிருந்து பாப்பா நழுவப் பார்த்தாள். அவர் எட்டிப் பிடித்தார். டீச்சர் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னால முடியலைங்க. ஒரு நாள் நானே இவளைக் கீழ போட்டுக் கொன்னுடுவேன்."

"இன்னும் கொஞ்ச நாள்தாம்மா."

"ஆறு மாசம் ஆகும் நடக்க. அந்தம்மா சொன்னது அந்த வீட்டுக்கு. அவ வீட்டை விட்டுட்டு இவ்வளவு தூரம் எங்க வரப்போறா?"

அவருக்கும் அப்படி நம்ப ஆசையாக இருந்தது. ஆசைதான் மனுஷனைக் கெடுக்கிறது. புது விரிப்பை உதறிப் போட்டு, சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டு, இருவருமாகச் சேர்ந்து பாப்பாவைக் கட்டிலின் நடுவில் படுக்கவைத்தார்கள். கையை எடுக்காமல் கொஞ்ச நேரம். பிறகு எடுத்தார்கள்.

ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம்.

ஒன்றும் இல்லை. கீழே தெருவில் வண்டிகள் போயின. பாப்பா கையை விரித்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினாள். டீச்சர் சிரித்தாள், அழுதாள், நாற்காலியிலேயே தலை சாய்ந்து தூங்கிப்போனாள்.

தையல்காரர் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம், வயிறு, பிஞ்சுக் கால்கள். அப்புறம் அவர் கண் விரிப்புக்கு இறங்கியது.

விரிப்பில் குழி விழவில்லை.

ஏழு கிலோ குழந்தை. பஞ்சு மெத்தை. துணி இழுத்துவிட்டது இழுத்துவிட்டபடியே, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் கிடந்தது. பாப்பாவின் முதுகுக்கும் துணிக்கும் நடுவில் ஜன்னல் வெளிச்சம் மெல்லிய கோடாகத் தெரிந்தது.

கையை மெதுவாகக் குழந்தையின் முதுகுக்கு அடியில் நுழைத்தார்.

சூடாக, சொரசொரவென்று, அகலமான ஓர் உள்ளங்கை ஏற்கெனவே அங்கே இருந்தது.

அது பாப்பாவை விடவில்லை. அவர் கைக்கும் இடம் வேண்டுமே என்று கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டது.