ஐந்து நாற்பதுக்கு ஓட்டம்

மாலை நாலரைக்கு மல்காஜ்கிரி ரயில்வே குவார்ட்டர்ஸின் பூட்டைத் திறந்தாள் கனகவல்லி. பின்னால் மகள் ஹம்ஸினி, கழுத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவியோடு. அதன் ஐந்து ஒயர்கள் மார்பில் ஒட்டியிருந்தன. ஒரு நாள் முழுக்க இதயத் துடிப்பைப் பதிவு செய்யும். இதயத் தசை தடித்திருக்கிறது, துடிப்பு தடம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும் என்றிருந்தார் டாக்டர்.

வீட்டுக்குள் வாடிய பூவின் வாடை. மகன் அபிநவின் அறை இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. பத்தொன்பது வயதில், மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தவன் அப்படியே விழுந்தான். இதே தசைதான். சொந்தக்காரர்களிடம் டெங்கு என்று சொல்லியிருந்தாள்.

ஐந்து மணிக்குக் கச்சிபௌலியிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள்.

"கழட்டுடி. நான் கட்டிக்கிறேன்."

"நக்கோம்மா, வேணாம். அது என் ரிப்போர்ட்டு."

"ரிப்போர்ட்டு சுத்தமா வரட்டும். தாலி ஏறினப்புறம் பாத்துக்கலாம்."

மணிக்கு மணி என்ன செய்தோம் என்று எழுத ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். ஒயர்களைத் தன் மார்பில் ஒட்டிக்கொண்டு கனகவல்லி எழுதினாள்: காபி, சமையல், தூக்கம்.

வந்தவர்களுக்குக் காபி நீட்டும்போது, பூட்டிய அறைக்குள் யாரோ ஓடும் சத்தம்.

பிறகு, மெல்ல, "அம்மா."

சிரித்தபடியே டிவியின் சத்தத்தைக் கூட்டினாள்.

மறுநாள் மாலை ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓடவில்லை. ஹம்ஸினியைக் கீழே உட்காரவைத்துவிட்டு, கருவியோடு மூன்றாம் மாடி ஏறினாள்.

திரையைப் பார்த்த டெக்னீஷியன் ஸ்ரீஜாவின் முகம் மாறியது. ஐந்து நாற்பதிலிருந்து நிமிடத்துக்கு இருநூற்றுப் பத்து துடிப்பு. ஐந்து ஐம்பத்தொன்றிலிருந்து, விடியும்வரை, வெறும் கோடு.

மிஷின் கோளாறாக இருக்கும் என்றாள் கனகவல்லி.

ஸ்ரீஜா தாளை எடுத்தாள். கனகவல்லியின் எழுத்துக்குக் கீழே தெலுங்கு எழுத்தில் சில வரிகள். தெலுங்குக்காரியான அவளுக்கே பொருள் புரியவில்லை. எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"அஞ்சு நாப்பது. ஓடறேன். அஞ்சு அம்பத்தொண்ணு. அம்மாவ கூப்ட்டேன்."

தமிழ் எழுதப் படிக்கத் தெரியாதவன் அபிநவ். மளிகைச் சீட்டுகூட இப்படித்தான், தமிழைத் தெலுங்கு எழுத்தில் எழுதுவான்.



"கட்டிக்கிட்டது நான்," என்றாள் கனகவல்லி.

அப்போதுதான் போனில் ஹம்ஸினியின் செய்தி வந்தது. பொய் வேண்டாம், நானே மேலே வந்து சொல்லிவிடுகிறேன்.

ஸ்ரீஜா இன்னும் ஒரு வரியை வாசித்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா... படி... ஏற வேணாம்." தங்கையை அவன் பாப்பா என்றுதான் கூப்பிடுவான்.

சுவர்க் கடிகாரத்தில் ஐந்து முப்பத்தொன்பது. படிக்கட்டில் செருப்புச் சத்தம் வேகமாக ஏறி வந்தது. முதல் மாடி. இரண்டாம் மாடி.

நின்றது.

கனகவல்லி ஓடினாள்.

மேஜைமேல், யார் மார்பிலும் ஒட்டாத ஒயர்களோடு கிடந்த கருவி பதியத் தொடங்கியது.

இரண்டு பேரின் துடிப்புகள்.