சுவரில் ஒன்றும் இருக்கக் கூடாது

கள்ளக்குறிச்சியில் சேலம் சாலையை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில், இட்லி வேகும் முன்பே தகராறு தொடங்கிவிட்டது. பால்கனியில் ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது. அதுதான் குற்றம்.

"செல்வி! அந்தத் துண்ட எடு. வெளிச்சம் வர்ற வழிய அடைச்சிக்கினு கெடக்குது பாரு!"

"வெளிச்சத்துலதாங்க துணி காயும்..."

"வூடுன்னா பாத்தவொடனே மனசு அமைதியாவணும். உனக்கு இன்னா புரியும்!" என்று கத்தினார் அவள் கணவர் இளவரசன்.

இளவரசன் உரக்கடைக்காரர். அமைதியைச் சேலத்து டிசைனர் ஒருவர் மூலம் வரவழைத்திருந்தார். வெள்ளைச் சுவர், வெள்ளைத் திரை, உட்காருவதற்கு யாருக்கும் தைரியம் வராத வெள்ளை சோபா. கிரைண்டர் கண்ணை உறுத்துகிறது என்று அதை ஒரு கதவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தார்கள். மாவரைக்கும் நாளெல்லாம் செந்தமிழ்ச்செல்வி அதை வெளியே இழுத்து, வேலை முடிந்ததும் மறுபடி தலைமறைவாக்க வேண்டும். அவளுடைய முதுகுவலி டிசைனரின் வரைபடத்தில் வரவில்லை.

சுவர்களில்தான் வில்லங்கம். புதுமனை புகுவிழாவுக்கு வந்த சொந்தங்கள் வழக்கப்படி கடிகாரமும் படமுமாகக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் கொடுத்தவர் பெயரும் ஊரும். அடுத்த முறை வருகிறவர், உட்காரும் முன்பே தன் பெயர் எந்தச் சுவரில் தொங்குகிறது என்று பார்ப்பார். இளவரசன் அத்தனையையும் கழற்றிப் பரணில் ஏற்றினார். அக்கா அமிர்தம் கொடுத்த அருவிப் படமும் அதில் போயிற்று. அது ஆளுயரக் கண்ணாடிச் சட்டம். ஹால் ஜன்னலில் பாதியை மறைத்தது உண்மைதான். ஆனால் அதன் அடியில் 'செல்லமுத்து – அமிர்தம், தியாகதுருகம்' என்று இருந்தது. அதைத் தேடி வாங்கிய அவள் கணவர் செல்லமுத்து அடுத்த மாதமே இறந்துபோனார்.

"அது மட்டும் இருக்கட்டுங்க... அண்ணி மனசு நொந்துடும்" என்று செல்வி அன்றைக்குக் கெஞ்சிப் பார்த்தாள். சுவரில் ஒன்றும் இருக்கக் கூடாது என்பது டிசைனர் வாக்கு.

துண்டு விவகாரம் முடிவதற்குள் அழைப்பு மணி அடித்தது. அமிர்தம்தான். மகள் ராதிகாவின் வளைகாப்பைச் சொல்ல, பழத்தோடு வந்திருந்தாள். கணவனை இழந்தவள் வளையல் போட ஊர் ஒப்பாது என்பதால், அம்மா இடத்தில் நின்று முதல் வளையல் போட வேண்டியவள் செல்வி. ராதிகா கல்லூரிக்குப் போனதெல்லாம் செல்வியிடம் தங்கித்தான். பிள்ளையில்லாத செல்விக்கு மகள் என்று இருந்தவளும் அவள்தான்.

அமிர்தத்தின் கண் ஜன்னல் பக்கம் போய் நின்றது.

"மாமா வாங்கினு வந்த படம் எங்கடா?"

இளவரசன் திரைச்சீலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். "செல்விதாங்க்கா... வெளிச்சத்த மறைக்குதுன்னு..."

செல்வி கணவரைப் பார்த்தாள். அவர் திரைச்சீலையின் மடிப்பை ஆராய்ந்துகொண்டிருந்தார். உண்மையைச் சொல்ல ஒரு வார்த்தை போதும். ஆனால் அமிர்தத்துக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருப்பது இந்தத் தம்பி. தம்பி பெண்டாட்டி மேல் வந்த கோபம் ஒருநாள் ஆறும். தம்பி செய்தான் என்றால் ஆறாது.

"ஆமாங்க அண்ணி... நான்தான்."

"அடிப்பாவி! அந்த மனுசன் கடசியா வாங்கினதுடீ அது! சொவுத்துல இருந்தா உனக்கு இன்னா கொறஞ்சி பூடுது? எம் பொண்ணுக்கு நீ வளையல் போட வேணாம்... அந்தப் பக்கமே வராத!"

செல்வி சமையலறைக்குள் போனாள். அந்த வீட்டில் அழுவதற்கென்று எவரும் இடம் வரைந்திருக்கவில்லை.

அமிர்தம் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டும்போது பக்கத்து வீட்டு கொளஞ்சியப்பன் வந்தார். குடியிருப்பு சங்கத் தலைவர். தன் வீட்டையும் மாற்ற வேண்டும், பார்த்துவிட்டுப் போகலாம் என்று நேரே ஹாலுக்குள் நுழைந்தார்.

"அடடா! ஜன்னல் முழுசாத் தெரியுது, இன்னா வெளிச்சம்! இதெல்லாம் வூட்டம்மா யோசனதானே சார்? ஆம்பளைங்களுக்கு இந்த ரசனை வராது."

இளவரசனால் எதையும் தாங்க முடியும். இதைத் தாங்க முடியாது.

"இவளா? நல்லாச் சொன்னீங்க! இவள வுட்டிருந்தா இன்னமும் ஒரு அருவிப் படம் ஜன்னல மறைச்சிக்கினு நிக்கும். 'கழட்டாதீங்க, கழட்டாதீங்க'ன்னு கால்ல வுழாத கொறை! நான்தான் நின்னு கழட்ட வச்சேன். இந்த வூட்டுல ஒரு ஆணிகூட என்னக் கேக்காம..."

வாசலில் அக்கா ஒற்றைச் செருப்போடு நிற்பதை அப்போதுதான் பார்த்தார்.

"ஏன் சார் நிறுத்திட்டீங்க? பெயிண்ட் இன்னா கம்பெனி?" என்றார் கொளஞ்சியப்பன்.

அமிர்தம் செருப்பை உதறிவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

"ஏன்டீ பொய் சொன்ன?"

"உங்களுக்குன்னு இருக்கறது அவரு ஒருத்தருதானே அண்ணி..."

"அவனா?" அமிர்தம் ஹால் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். "நீ இருக்கடீ எனக்கு! வாய் கூசாம சொல்லிப்புட்டேனே..." என்று செல்வியைக் கட்டிக்கொண்டாள். இருவரும் சத்தமாகவே அழுதார்கள். ஹாலில் அமைதி தாராளமாக இருந்தது.

வளைகாப்பன்று பந்தலில் தோரணம் ஜாஸ்தி, பார்க்க நெரிசலாக இருக்கிறது என்று இளவரசன் யாரிடமோ தொடங்கினார். "மாமா, இந்தத் தாம்பாளத்தப் புடிங்க" என்றாள் ராதிகா. அவர் பிடித்துக்கொண்டு நின்றார்.

செல்வி பச்சை வளையலை எடுத்தாள். கதவோரம் ஒதுங்கி நின்ற அமிர்தத்தைப் போய்க் கைப்பிடித்து இழுத்துவந்தாள்.

"வேணாம்டீ... ஊரு இன்னா சொல்லும்!"

"சொல்லட்டுங்க அண்ணி."

ராதிகா கையை நீட்டினாள். வளையலை ஒரு பக்கம் செல்வியும் மறுபக்கம் அமிர்தமும் பிடித்து ஏற்றினார்கள்.