பேர் கூப்பிடும் வேளை

அன்று மாலை ஹொன்னியின் பதில் சற்றுத் தாமதமாக வந்தது.

"கேதய்யா?" என்று வேலிக்கு வெளியே நின்று ஈரண்ணா பேர் கூப்பிட்டான். பைரவர் கோவிலில் உடுக்கை அடிப்பவன் அவன்.

"இருக்கேன்."

"சாகவ்வெ?"

"இருக்கேன்," என்றாள் கேதய்யாவின் மனைவி.

"ஹொன்னி?"

மற்ற நாட்களில் பேர் முடிவதற்குள் கத்திவிடுகிற குழந்தை. இப்போது மழை மட்டும் கமுகு மட்டைகளில் சடசடத்துக்கொண்டிருந்தது. கூரை ஒழுகியது, அடுப்புப் புகை வெளியேற வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு அடுப்பங்கரை இருட்டிலிருந்து, வாயில் எதையோ வைத்துக்கொண்டு பேசுவதுபோல ஒரு குரல். "இருக்கேன்."

"என்னடி, தூங்கிட்டியா? நான் இங்க கோழி மாதிரி நனையுறேன், நீ உள்ள சொகுசா குளிர் காயுறியா," என்று சிரித்துவிட்டு ஈரண்ணா போனான்.

சத்தியம் செய்த வீட்டுக்கு அதுதான் கட்டுப்பாடு. அமாவாசையன்று பைரவரைக் குளிப்பாட்டிய தண்ணீரில் மூன்று கை குடித்தவன் பௌர்ணமி வரை வேலியைத் தாண்டக் கூடாது. ஊராரும் வேலிக்குள் கால் வைக்க மாட்டார்கள். அதுவரை அந்த வீட்டில் நோயோ நெருப்போ சாவோ வந்தால் அவன் சொன்னது பொய். தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் கோவில் ஆள் வந்து கூப்பிடுவான், ஒவ்வொருவரும் தன் வாயாலேயே பதில் சொல்ல வேண்டும்.

கேதய்யா சொன்னது பொய்தான். ஓடைக்கரைத் தோட்டத்தை அண்ணன் சாகும்போது தன் வாயாலேயே தனக்குக் கொடுத்ததாக ஊர்க்கவுடர் முன்னால் சொல்லியிருந்தான். அண்ணி நாகவ்வெ அழவில்லை. "அவர் வாய்ல கடைசியா தண்ணி ஊத்துனது நான். ஒரு வார்த்தை பேசல. அந்தத் தண்ணியும் இறங்காம வழிஞ்சுது," என்றாள். கவுடர் வேறெதுவும் கேட்கவில்லை. செம்பைக் காட்டி, "அப்போ குடி," என்றார். குடித்தான். குங்குமமும் வெண்கலக் களிம்பும் கரைந்த அந்தக் கசப்பு, எத்தனை முறை வாய் கொப்பளித்தாலும் அவன் நாக்கை விட்டுப் போகவில்லை.

குழந்தையின் நெற்றியைத் தொட்டான். கொதித்தது.

"அப்பய்யா, தண்ணி," என்றாள் ஹொன்னி. கொடுத்த தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. கடைவாயில் வழிந்து கழுத்துமணியை நனைத்தது. துடைக்கக் குனிந்தவனுக்குக் குழந்தையின் மூச்சில் குங்குமம் மணத்தது.

"வைத்தியரைக் கூப்பிடுங்க," என்றாள் சாகவ்வெ.

"அவர் வேலிக்குள்ள வந்தா ஊருக்கே தெரிஞ்சிரும்."

"தெரியட்டும். பொய் சொன்னேன்னு சொல்லிடுங்க. அந்தத் தோட்டத்துல விளையுற பாக்கு நமக்கு வேணாம்."

"தோட்டம் மட்டுமா போகும்? நெத்தியில சூடு போட்டுத் துரத்துவாங்கடி. பௌர்ணமி இதோ வந்திருச்சு. சின்னக் காய்ச்சல், கஷாயம் வச்சுக் குடு."

மறுநாள் மாலை ஹொன்னியால் வாய் திறக்க முடியவில்லை. ஈரண்ணா கூப்பிட்டதும் கேதய்யா சுவர்ப்பக்கம் திரும்பி, தொண்டையை இறுக்கி, குரலைச் சின்னதாக்கி, "இருக்கேன்," என்றான்.

"குரல் என்ன இப்படிக் கீச்சுன்னு இருக்கு?"

"சளி," என்றான் கேதய்யா தன் குரலில். "மழையில ஆடுனா."

"சளியெல்லாம் நோய்க் கணக்குல வராது. அப்படிப் பார்த்தா இந்த ஊர்ல யாரும் சத்தியமே பண்ண முடியாது," என்று சொல்லிவிட்டு அவன் மூக்கைச் சிந்திக்கொண்டு நடந்தான்.

கேதய்யாவுக்குச் சிரிப்புகூட வந்தது. திரும்பினான். சாகவ்வெ அவனைப் பார்க்கவில்லை, குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க சொன்னப்போ இவ உதடு அசைஞ்சுது," என்றாள்.

அடுத்த மாலை அவனே பார்த்தான். தான் "இருக்கேன்" என்று சொல்லும்போது போர்வைக்குள் அந்தச் சின்ன உதடுகளும் சேர்ந்து அசைந்தன. கண்கள் மூடியே இருந்தன. காய்ச்சல் பிதற்றல் என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். ஆனாலும் அவனுக்குப் பயமாக இருந்தது. குழந்தையின் முகத்தைப் பார்க்காத பக்கமாகப் படுத்துக்கொண்டான்.

பௌர்ணமியன்று மழை விட்டது. கூரை ஒழுகுவதும் நின்றது. ஆனால் வீட்டுக்குள் எங்கேயோ ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது. பானைகளைப் பார்த்தான். மூலைகளைத் தடவினான். எல்லாம் காய்ந்து கிடந்தன.

வெயில் சாய்கிற நேரத்தில் சாகவ்வெ குழந்தையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "சில்லுன்னு ஆயிட்டா," என்றாள்.

கேதய்யா குழந்தையின் மூக்கருகே விரலை வைத்தான். மார்பில் காதை வைத்தான். நெடுநேரம் வைத்திருந்தான். அப்புறம் மனைவியின் வாயைப் பொத்தினான்.

"அழாத. விளக்கு வைக்கிற வரைக்கும். அதுக்கப்புறம் எவ்வளவு வேணும்னாலும் அழு."

அவள் அழவில்லை.

கடைசி நாள் என்பதால் கவுடரும் வந்திருந்தார். பந்தம் பிடித்த ஆட்கள். ஓரமாக நாகவ்வெ. வேலி இடுக்குகளில் வெளிச்சம் அசைந்தது.

"கேதய்யா?"

"இருக்கேன்."

"சாகவ்வெ?"

அவள் உதடு பிரியவில்லை. கேதய்யா கை கூப்பினான். மனைவியின் காலருகே நெற்றியை வைத்தான்.

"இருக்கேன்," என்றாள், குழந்தையிடம் சொல்வதுபோல.

"ஹொன்னி?"

சுவர்ப்பக்கம் திரும்பினான். தொண்டையை இறுக்கினான்.

குரல் வரவில்லை.

தொண்டை வரை தண்ணீர். குங்குமம். களிம்பு. விழுங்கினான். மறுபடி ஏறியது. மூச்சு முட்டியது.

"ஹொன்னி?"

வெளியே யாரோ இருமினார்கள்.

"இருக்கேன்."

பதில் மடியிலிருந்து வந்தது. குழந்தையின் குரல் அல்ல. இறுக்கிய தொண்டை. சின்னதாக்கிய ஆண்குரல். அவனுடையது.

"சத்தியம் நின்னுது," என்றார் கவுடர். "தோட்டம் கேதய்யாவோடது."

"போகட்டும்," என்றாள் நாகவ்வெ. "புள்ளையாவது நல்லா இருக்கட்டும்."

பந்தங்கள் நகர்ந்தன. உடுக்கைச் சத்தம் ஓடைப்பக்கம் போய்த் தேய்ந்தது. வீடு இருட்டியது.

"இருக்கேன்."

யாரும் கூப்பிடவில்லை.

சாகவ்வெ கைகளை எடுத்துவிட்டுச் சுவரோடு ஒண்டினாள். குழந்தை தரையில் கிடந்தது. கண் மூடியிருந்தது. மார்பு அசையவில்லை. கடைவாயிலிருந்து சிவந்த தண்ணீர் சொட்டியது.

"இருக்கேன்."

கேதய்யா பாய்ந்து அந்த வாயைப் பொத்தினான். இரண்டு கைகளாலும். அழுத்தி.

உள்ளங்கைக்கு அடியில், சில்லென்ற உதடுகள் அசைந்தன.