கூம்புப்பாருக்குப் பின்னால்

"மணி எங்க கிடக்குன்னு எனக்குத் தெரியும்!" என்று கிளாடிஸ் சொன்ன நொடியிலிருந்து இன்னாசிக்கு வயிறு எரிந்தது.

எரியாமல் என்ன செய்யும்? தாத்தா காலத்தில், ஊர் மாதா கோயிலுக்கு வெண்கல மணி ஏற்றிவந்த தோணி கூம்புப்பாரில் மோதி மூழ்கியது. அந்தக் கடலடிப் பாறைமேட்டை ஆறு வருஷமாகத் துழாவியவன் அவன். சித்தப்பா மகள் கிளாடிஸோ, பட்டணத்தில் கடல் படிப்பு முடித்து, ஆழம் அளக்கும் கருவியோடு வந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. அதற்குள் ஊரே அவள் பின்னால்! புதுக் கோபுரத்தில் மணியைக் கட்டும் உரிமை, அதைக் கண்டெடுப்பவருக்குத்தான்.

விடிந்ததும் டல்மேதா மாமாவின் படகில் மூவரும் கிளம்பினார்கள். கிளாடிஸ் கையில், கருவியால் அளந்து அவள் வரைந்த கடலடி வரைபடம்.

"அந்த வரைபடத்தக் கொஞ்சம் காட்டேன்," என்றான் இன்னாசி.

"பொறவு காட்டுறேன் அண்ணே," என்று அவள் அதைச் சுருட்டிப் பைக்குள் திணித்தாள்.

அப்படியா சங்கதி! மீன் படும் இடத்தைக் கூடப்பிறந்தவனுக்கும் சொல்லாத ஊர் அது. இன்னாசியும் தனக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் வாயைப் பூட்டிக்கொண்டான். நீவாடு என்று ஊரார் சொல்லும் நீரோட்டம் கூம்புப்பாரில் முட்டி இரண்டாகப் பிளக்கும்; அன்று போல பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அது இன்னும் மூர்க்கமாகும். பின்பக்கத்தில் இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்று என்று சுழல்கள் மாறி மாறிக் கழன்று, அடியில் கிடக்கும் குளிர்ந்த நீரை மேலே வாரி இறைக்கும். அதற்குப் பயந்தே அவன் அந்தப் பக்கம் இறங்கியதில்லை. 'வெறுங்கையோட திரும்பி வரட்டும்!' என்று கறுவிக்கொண்டான்.

கிளாடிஸ் சிலிண்டரை மாட்டிக்கொண்டு நேராகப் பின்பக்கமே குதித்தாள்!

கால் மணி நேரம் ஆயிற்று. அவளுடைய மூச்சுக் குமிழிகள் இங்கும் அங்கும் அலைந்தன. பிறகு காணவே இல்லை. இன்னாசி தண்ணீரில் கையை விட்டான். சில்லிட்டது!

"மாமா, சுழல்ல மாட்டிக்கிட்டா!"

"லே, நீவாடு இப்படிச் சுத்தும்னு அவகிட்ட சொன்னியா? சொல்லியிருப்பேன்னுல்ல நெனச்சேன்!"

இன்னாசி இன்னொரு சிலிண்டரோடு குதித்தான்.

பாறையைப் பற்றியபடி இறங்கினான். இடச் சுழல் கடந்தது. பொறுத்தான். வலச் சுழலும் கடந்தது. அடுத்தது கிளம்புமுன் கொஞ்சம் அமைதி இருக்கும். பாய்ந்தான்! பாறைக்குப் பின்னால் ஒரு குழி. அதற்குள் பாசி படிந்த மணியின் வளையத்தைக் கட்டிப்பிடித்துக் கிடந்தாள் கிளாடிஸ். பிடியை விட்டிருந்தால் சுழல் அடித்துக்கொண்டு போயிருக்கும். அந்த நேரத்திலும், 'இவளுக்குத்தானே கிடைத்தது' என்று அவன் மனம் பொருமியதே, அதுதான் வெட்கக்கேடு!

அவளைத் தன்னோடு கயிற்றால் பிணைத்து, அடுத்த அமைதிக்குக் காத்திருந்து மேலே கொண்டுவந்தான்.

"சுழல் இருக்குன்னு தெரியும் கிளாடி. வேணும்னேதான் சொல்லல," என்றான்.

அவள் பையிலிருந்து வரைபடத்தை எடுத்து அவன் கையில் வைத்தாள். "நானும்தான் குழியக் காட்டல. நீ முந்திருவேன்னு பயம்," என்றாள்.

"நல்லா வெளங்கும் ரெண்டும்!" என்று தலையில் அடித்துக்கொண்டார் டல்மேதா.

மதியம் நீரோட்டம் தணிந்ததும் இருவரும் சேர்ந்து இறங்கி, மணியைக் கயிறு கட்டித் தூக்கினார்கள். கரையில் ஒரே ஆரவாரம்!

"யாருப்பா கண்டெடுத்தது?" என்று கேட்டார் பங்குச்சாமியார். ஆறு வருஷமாக இன்னாசி காத்திருந்த கேள்வி.

"கிளாடிஸ்தான் சாமி," என்றான். கசக்கத்தான் செய்தது. பொறாமை ஒரே நாளில் போய்விடுமா என்ன? அது நெஞ்சில் இருக்கும்போதே உண்மையைச் சொல்லிவிடலாம் என்பது மட்டும் அன்று அவனுக்குப் பிடிபட்டது.