உதட்டில் ஒரு வெள்ளைக் காகிதம்

டெலிபோன் அலறியது.

மினோபே எடுக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த அகாகியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அகாகி செத்து இருபத்து மூன்று நாளாகிறது!

முழங்கால் மடித்து, முதுகு வளையாமல், எப்போதும் போலத்தான் உட்கார்ந்திருந்தார். உதடுகளுக்கு நடுவே மடித்த வெள்ளைக் காகிதம். வாளைத் துடைக்கும்போது மூச்சின் ஈரம் இரும்பில் படக்கூடாதென்று கவ்விக்கொள்கிற காகிதம்.

சாகும்போதும் அதைக் கவ்வியிருந்தார். அலறல் அதைத் தாண்டி வெளியே வரவில்லை.

"ஏதாவது பேசேன்டா..." என்றார் மினோபே.

அகாகி பேசவில்லை. காகிதம் விழுந்துவிடுமே!

டெலிபோன் மறுபடி அலறியது. எடுத்தார்.

"டாக்டர்... சதாயோ பேசறேன்."

அகாகியின் மனைவி.

"சொல்லுங்கம்மா."

"நாளைக்குக் காலையில மியூசியத்துலேர்ந்து வர்றாங்க. அவர் ஆசைப்பட்டபடி அந்தப் பழைய வாளைக் குடுத்துடறேன். ஆனா அவர் போனதுலேர்ந்து ஆறு வாளையும் யாரும் தொடலை, எண்ணெய் மாத்தலை. மழை வேற விடாம ஊத்துது. துரு ஏறின வாளைக் குடுத்தா அவர் மானம் போயிடும்..."

"இன்னிக்கே வரேன்."

ரிசீவரை வைத்தார்.

மியூசியம் ஆட்கள் வாளை வாங்கியதும் முதலில் கைப்பிடியைக் கழற்றுவார்கள். உள்ளே மறைந்திருக்கும் வால் பகுதியைப் பார்த்துத்தான் வயதைக் கணிப்பார்கள்.

பார்த்தால்...

ரத்தம்!

அன்றைக்கும் மழைதான். இதே ஒசாஃபுனே ஊரில், அகாகியின் வாள் அறையில், இரண்டு பேர் மட்டும்.

"டேய் மினோபே, கோவிச்சுக்காதே. இதை மியூசியத்துக்கு எழுதிக் குடுத்துட்டேன்."

மினோபேயின் கையில் அந்த வாள் இருந்தது. அறுநூறு வருஷத்து இரும்பு. அலகின் ஓரமாக ஆற்றுப் பனி படிந்தது போல ஒரு வெண்மை.

"எனக்குத்தான்னு முப்பது வருஷமா சொன்னியேடா!"

"சொன்னேன். வயித்துல புத்துன்னு தெரியறதுக்கு முன்னாடி. இப்ப யோசிக்கறேன்... உனக்கப்புறம் என்ன ஆகும்? உனக்குப் புள்ளையா, குட்டியா? ஏலத்துக்குத்தான் போகும். யாரோ ஒரு தடியன் பார்ல மாட்டி வெப்பான்."

அவ்வளவுதான். காகிதத்தைக் கவ்விக்கொண்டு இன்னொரு வாளைத் துடைக்கக் குனிந்தார் அகாகி. யுத்த காலத்தில் ராணுவத்துக்காக மொத்தமாக அடித்துத் தள்ளிய மட்டமான வாள் அது.

மினோபே எழுந்தார்.

அடுத்த நிமிடம் எல்லாம் முடிந்திருந்தது.

மட்டமான வாளைக் காயத்தில் செருகி, செத்தவரின் விரல்களை அதன்மேல் வைத்து மடக்கினார். புற்றுநோய்க்காரர் தற்கொலை. யாரும் நம்புவார்கள்.

வேறு எவனாக இருந்தாலும் கொன்ற வாளை யோஷீ ஆற்றில் வீசிவிட்டு ஓடியிருப்பான்.

மினோபேயால் முடியவில்லை. பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, காகிதத்தால் துடைத்து, கல் பொடி தட்டி, மறுபடி துடைத்து, கிராம்பு வாசமடிக்கும் எண்ணெயை மெல்லிசாகத் தடவினார். பதினோரு நிமிடம்!

கைப்பிடிக்கு முன்னால் அலகைச் சுற்றி ஒரு செப்பு வளையம். ரத்தம் ஒரு கோடாக அதை நோக்கி ஓடியதை அவர் பார்த்திருந்தார். வளையத்துக்குள் போயிற்றா? கழற்றினால்தான் தெரியும்.

கழற்றுவதற்குள் வாசலில் சதாயோவின் கார் சத்தம். தோட்டத்து வழியாக வெளியேறினார்.

அன்றிலிருந்து தூக்கமில்லை. ரத்தம் பட்ட இரும்பு மூன்றாம் நாள் பழுப்பாகும். பத்தாம் நாள் கறுக்கும். பிறகு அரிக்கும்.

கர்... கர்... கர்...

இரண்டு கிலோமீட்டர் தூரத்திலிருந்தும் அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டது.

*

பிற்பகல் இரண்டு மணி. சதாயோ கதவைத் திறந்தாள்.

"வாங்க டாக்டர். ஒரு விருந்தாளி இருக்காங்க. தப்பா நினைச்சுக்காதீங்க."

வாள் அறையில் ஒரு குண்டான பெண் சம்மணமிட்டு உட்கார்ந்து தினை உருண்டை தின்றுகொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் ஹனபுசா!

அகாகியின் சாவை விசாரித்தவள்.

"வாங்க டாக்டர்! பயந்துட்டீங்களா? எங்க ஸ்டேஷன்ல இருந்த அந்த ராணுவ வாளைத் திருப்பிக் குடுக்க வந்தேன். கேஸை மூடியாச்சு. நீங்க துடைக்க வரீங்கன்னு அம்மா சொன்னாங்க. பாத்துட்டுப் போகலாமேன்னு உக்காந்துட்டேன். பாக்கலாமில்ல?"

"தாராளமா... ஆனா அந்த மாவு வாள் மேல படக்கூடாது மேடம்."

"சரி, சரி. வாயை மூடிட்டே திங்கறேன்."

சொன்னாளே தவிர மூடவில்லை.

பாயின் மேல் ஆறு வாள்கள் வரிசையாக இருந்தன. ஆறாவது, கறுப்புப் பட்டுக் கயிறு சுற்றிய கைப்பிடியோடு, அந்தப் பழைய வாள். அதை மினோபே பார்க்காமல் இருந்தார்.

முதல் வாளுக்குத் தலைகுனிந்து வணங்கினார். காகிதத்தைக் கவ்விக்கொண்டார். உறையிலிருந்து உருவினார்.

உறைந்தார்.

கிராம்பு வாசம்! புத்தம் புது எண்ணெய். ஒரு சொட்டு கூடாமல், ஒரு இழை குறையாமல், அலகு முழுக்கப் பரவியிருந்தது.

'யாரும் தொடலை' என்றாளே சதாயோ?

இரண்டாவதை உருவினார். அதிலும் புது எண்ணெய்.

மூன்றாவது... நான்காவது...

மெல்ல நிமிர்ந்து பார்த்தார். இன்ஸ்பெக்டருக்குப் பின்னால், மூலையில், அகாகி உட்கார்ந்திருந்தார். உதட்டில் காகிதம். விரல் நுனிகள் எண்ணெயில் மினுமினுத்தன.

"என்ன டாக்டர், வேர்க்குது?"

மினோபே காகிதத்தைக் கவ்வியபடியே தலையை ஆட்டினார்.

"எனக்கு ஒரு சந்தேகம். அகாகி ஐயா ஏன் அந்த மட்டமான வாளால செத்தாரு? பக்கத்துலயே அறுநூறு வருஷத்துச் சாமான் இருக்கு. அம்மாதான் கேட்டாங்க. 'அந்த ஓட்டை வாளால சாகறதுக்கு எங்க வீட்டுக்காரர் கூச்சப்படுவாரு மேடம்'னு!"

மற்ற நாலுக்கும் செய்தது போலவே மினோபே ஐந்தாவது வாளின் மூங்கில் ஆணியைச் சின்னச் சுத்தியால் தட்டி எடுத்தார். கைப்பிடியைக் கழற்றினார். துடைத்தார். பூட்டினார்.

போடி! எழுந்து போயேன்டி!

ஹனபுசா இன்னொரு உருண்டையை எடுத்தாள்.

ஆறாவது வாள்.

அவர் அதை உருவினார். அலகைத் துடைத்தார். பொடி தட்டினார். எண்ணெய் தடவினார். கைப்பிடியைத் தொடவில்லை. அப்படியே உறையில் போட்டார்.

"அதுக்கு மட்டும் கைப்பிடி கழட்டலையே?"

மினோபே காகிதத்தை எடுத்தார்.

"ஆணி... இறுகிடுச்சு மேடம். தட்டினா உடையும்."

"அடடா! நாளைக்கு மியூசியக்காரங்க வந்து எசகுபிசகா தட்டி உடைச்சுட்டா? குடுங்க, நான் ஒரு தட்டுத் தட்டறேன். எங்கப்பா தச்சர்தான்."

மாவு அப்பிய கை சுத்தியை எடுத்தது. இன்னொரு கை வாளை நோக்கி நீண்டது.

"தொடாதீங்க!" கத்தினார் மினோபே.

சதாயோ வாசற்படியில் வந்து நின்றாள்.

"டாக்டர்," என்றாள் மெதுவாக. "நீங்களே கழட்டிடுங்களேன். வேத்து மனுஷங்க கை அதுல பட்டா அவருக்குப் பிடிக்காது."

வேறு வழியில்லை.

பார்க்கட்டும். வால் எப்போதும் கறுத்துத்தான் இருக்கும். பழைய துரு அது. யாரும் துடைக்க மாட்டார்கள். அந்தத் துருதான் அதன் பிறப்புச் சான்று. கறுப்போடு கறுப்பாக இந்தக் கறையும் இருந்துவிட்டுப் போகட்டும். போலீஸ்காரிக்கு என்ன தெரியும்?

காகிதத்தை மறுபடி கவ்வினார்.

ஒரே தட்டு. ஆணி வழுக்கிக்கொண்டு வந்தது. ஹனபுசா புருவத்தை உயர்த்தினாள்.

வாளை நிமிர்த்திப் பிடித்து மணிக்கட்டில் தட்டினார். கைப்பிடி தளர்ந்தது. எடுத்தார்.

கர்... கர்... கர்...

செப்பு வளையத்தைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

பழுப்பு இல்லை.

கறை இல்லை. அரிப்பு இல்லை. ஆறு நூற்றாண்டுத் துரு மட்டும், வழவழப்பாக, நிம்மதியாக, அதன் இடத்தில். வளையம் இருந்த இடத்தில் இரும்பு கண்ணாடி போல மின்னியது.

திருப்பினார். மறுபக்கமும் அப்படியே.

கர் சத்தம் நின்றது.

அந்த அமைதியை அவரால் தாங்க முடியவில்லை!

மூலையைப் பார்த்தார். அகாகி அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கை உயர்த்தி, உதட்டிலிருந்த காகிதத்தை எடுத்தார். பேசுவதற்கு வாயைத் திறந்தார்...

"நீதான்... நீதான் துடைச்சியா?"

மினோபேயின் வாயிலிருந்து காகிதம் பாயில் விழுந்தது.

"ரத்தம் எங்கேடா? இதுக்குள்ளதானே போச்சு! நான் பாத்தேனே... உன் ரத்தம் எங்கேடா அகாகி?"

மூலையில் யாரும் இல்லை.

சதாயோ கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

ஹனபுசா கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டாள்.

"வாளைக் கீழே வைங்க டாக்டர். பத்திரமா. உங்களுக்குச் சொல்லித் தரணுமா என்ன?"

மினோபே வைத்தார். அந்த நிலையிலும் கூர்ப்பக்கம் தன்னை நோக்கி இருக்கும்படிதான் வைத்தார்.

"எப்ப... எப்ப துடைச்சீங்க ரத்தத்தை?"

"நாங்க துடைக்கலை."

"பொய்! உள்ளே போச்சு!"

"போகலை டாக்டர். ரெண்டாம் நாளே கழட்டி, பூதக்கண்ணாடி வெச்சு அங்குலம் அங்குலமா பாத்தாச்சு. ஒரு துளி உள்ளே போகலை. உங்க துடைப்பு அப்படி! கோர்ட்டுக்குக் கொண்டு போக ஒரு தூசி கூட இல்லை என்கிட்ட."

"அப்ப... அந்தப் புது எண்ணெய்?"

"உங்க வாள் சங்கத்துல அகாகி ஐயாவுக்கு நெருக்கமானவங்க நாலு பேரு. இந்த வாரம் நாலு பேருக்கும் அம்மா ஒரே மாதிரி போன் பண்ணாங்க. 'யாரும் தொடலை, வந்து எண்ணெய் மாத்துங்க'ன்னு. திங்கள் ஒருத்தர், செவ்வாய் ஒருத்தர், புதன் ஒருத்தர்னு வந்து எண்ணெய் போட்டுட்டுப் போனாங்க. ஒவ்வொரு நாளும் நான் இங்கேயே உக்காந்து தினை உருண்டை தின்னேன். மூணு கிலோ ஏறிட்டேன்!"

"அவங்க..."

"மூணு பேரும் அறைக்குள்ள வந்ததும் மத்த அஞ்சையும் திரும்பிக்கூடப் பாக்கலை. கடைசியா ஒரு தடவை வாலைப் பாத்துடணும்னு ஓடிப்போய் இதோட கைப்பிடியைத்தான் முதல்ல கழட்டினாங்க. ஒருத்தர் வாலைப் பாத்து அழுதே அழுதாரு. நீங்கதான்..."

பக்கத்தில் கழற்றிக் கிடந்த கைப்பிடியைச் சுட்டிக்காட்டினாள்.

மினோபே இரண்டு கைகளையும் பாயில் ஊன்றிக்கொண்டார். இருபத்து மூன்று நாள். இல்லாத ரத்தத்துக்கு!

"வாயைத் திறக்காம கழட்டியிருந்தா..." என்றார் கம்மிய குரலில்.

"எழுந்து போயிருப்பேன். நாலாவது கிலோவோட."

வாசற்படியிலிருந்து சதாயோ பேசினாள். குரல் உயரவில்லை.

"மூணு மாசம்தான் டைம்னு ஆஸ்பத்திரியில சொல்லியிருந்தாங்க டாக்டர். அந்த மூணு மாசத்தைக்கூட அவருக்கு விடலையே நீங்க."



ஹனபுசா விலங்கை எடுத்தாள். அவர் கைகளை நீட்டினார். பிறகு, எதிரே பிரித்துப் போட்டுக் கிடந்த வாளைப் பார்த்தார். கண்கள் கலங்கின.

"மேடம்... அது மியூசியத்துக்குப் போயிடுமா?"

"இன்னிக்கு எங்ககூட. கேஸ் முடிஞ்சதும் மியூசியம். கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஜம்முனு இருக்கும்."

"நான்... இன்னும் ஒரே ஒரு தடவை..."

"கஷ்டம் டாக்டர்!" விலங்கைப் பூட்டினாள் ஹனபுசா. "இனிமே அது மியூசியத்துல, நீங்க ஜெயில்ல. ரெண்டு பேரையுமே நாங்கதான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பாக்கணும்!"