லாசர் கட்டிய வீடு

திரையில் தெரிந்த வீட்டின் சமையலறைக் கொடியில் ஈரச் சேலை ஒன்று தொங்கியது. அதைப் பார்த்ததும் சாந்தாமேரியின் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. பச்சைக் கரை போட்ட அந்தச் சேலை, மகன் லாசர் செத்த பிறகு அவள் தங்கை எடுத்துக் கொடுத்தது. பனிமூட்டத்தில் வெளியே காயாது என்று இன்று காலையில்தான் அலசி நிஜச் சமையலறையில் போட்டிருந்தாள். இந்த வீட்டை அப்படியே கம்ப்யூட்டருக்குள் கட்டிய அவன் போய் ஒரு வருஷமாகிறது.

அவன் சம்பளத்தில் வாங்கிய கம்ப்யூட்டர் அது. அவனோடு பட்டாளத்தில் இருந்த தலைச்சோலைக்காரன் அருள்சாமி பத்து நாளைக்கு முன் லீவில் வந்தபோது, ஜீப் வைத்து இங்கே நாகலூருக்குக் கொண்டுவந்து கொடுத்தான். மேசையில் பொருத்தி, எந்த விசையை அழுத்தினால் எப்படி நடக்கலாம் என்று சொல்லிக்கொடுத்தான். கடையில் கிடைக்கும் சுடுகிற விளையாட்டு ஒன்றை லாசர் மாற்றியமைத்திருந்தான். பட்டாளத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் வீடு புகுந்து தேடப் பழக வேண்டும். அதற்கு ஒரு வீடு தேவைப்பட்டது. மூலைமுடுக்கெல்லாம் அவனுக்குத் தெரிந்தது இந்த வீடு ஒன்றுதான்.

“ஊட்டுக்குள்ள யாரு நின்னாலும் எதிரிதானுங்கம்மா, பாத்ததும் சுட்டரோணும்” என்றான் அருள்சாமி. “லாசரு உங்கள மட்டும் அதுல வெக்கவே மாட்டேன்னுட்டான்.”

பிறகு அவள் கேட்காமலே மற்றதையும் சொன்னான். வடக்கே எல்லையில், நிஜமான ஒரு வீட்டுக்குள் முதலில் நுழைந்தவன் லாசர். உள்ளே வயதான ஒரு அம்மா நின்றிருந்தாள். அவன் துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டான். அவளுக்குப் பின்னாலிருந்து குண்டு வந்தது.

விளையாட்டிலிருந்து எதிரிகளையெல்லாம் எடுத்துவிட்டுத்தான் அருள்சாமி போனான். அன்றிலிருந்து, பள்ளிக்கூடத்தில் தையல் வகுப்பு எடுத்துவிட்டு வந்ததும், சாந்தாமேரி அந்த வெற்று வீட்டுக்குள் நடந்தாள். மகன் ஒவ்வொரு கோடாக வரைந்த சுவர்களைப் பார்த்தால் போதுமாயிருந்தது.

இன்று அங்கே சேலை தொங்கியது.

மணி நாலரைதான், ஆனாலும் ஜன்னலுக்கு வெளியே காப்பிச் செடிகளைப் பனி விழுங்கியிருந்தது, சில்வர் ஓக் மரத்திலிருந்து தகரக் கூரையில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது, ஈரத்துணி வாடையோடும் சூடேறிய கம்ப்யூட்டரின் தூசி நாற்றத்தோடும் இன்னொரு வாடை மெல்லக் கலந்து வந்தது. பூட்ஸ் பாலிஷ் வாடை. ஒரு வருஷமாக இந்த வீட்டில் இல்லாத வாடை.

அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

திரையில் காட்சி நகர்ந்தது. அவள் எதையும் தொடவில்லை.

சேலை ஒதுங்கி வழிவிட்டது. முதுகுக்குப் பின்னால், நிஜமான சமையலறையில், ஈரத்துணி எதிலோ உரசும் சத்தம் கேட்டது. பிறகு சிமெண்டுத் தரையில் காலடி. குதிகாலை அழுத்தி வைக்கும் நடை. அவன் நடக்கப் பழகிய நாளிலிருந்து அவளுக்குத் தெரிந்த நடை.

“லாசரு” என்றாள். “அம்மாடா, கண்ணு.”

காலடி நின்றது. மறுபடி கேட்டது.

திரையில் இப்போது முன்னறை. மேசை. மேசைக்கு முன்னால், முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் ஒருத்தி. அவன் கட்டிய வீட்டில் அம்மா என்று யாரும் கிடையாது. அங்கே இருப்பவர்கள் எல்லோரும் எதிரிகள்தான்.

சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அணைத்தால் திரை இருண்டுவிடும். காலடியும் போய்விடும். இன்னொரு தடவை அவனைப் போகவிட வேண்டும்.

அவள் கையை நீட்டினாள். தொடாமலே இழுத்துக்கொண்டாள்.

திரையில் நரைத்த கொண்டை பெரிதாகிக்கொண்டே வந்தது. பிடரி. அதை நோக்கி ஒரு துப்பாக்கிக் குழல்.

கழுத்தில் சில்லென்று இரும்பு பட்டது. அவள் திரும்பவில்லை.